வியாழக்கிழமைப் பாடம்

கைரவான் நகரத்துச் சிறுவர்களுக்கு வாரம் சனிக்கிழமை காலையில் தொடங்கியது. கையில் ஒரு மரப்பலகையுடன் அவர்கள் ஆசிரியரை நாடிச் சென்றனர். சனி முதல் புதன் முற்பகல் வரை நாள்தோறும் புதுப்பாடம். புதன்கிழமை பிற்பகல் வந்துவிட்டால் புதுப்பாடம் நின்றுவிடும். அவ்வாரம் எழுதியவற்றையும் ஓதியவற்றையும் ஒவ்வொரு சிறுவனும் ஆசிரியர் முன் அமர்ந்து ஒப்பிக்கத் தொடங்குவான். வியாழக்கிழமையும் அதே பணிதான். வெள்ளிக்கிழமை விடுமுறை. மீண்டும் சனிக்கிழமை காலையில் பலகை கைக்கு வரும்.

இஃது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய செய்தி. இன்று நம் வீடுகளில் ஆறு வயதுப் பிள்ளை இரவு ஒன்பது மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறது. தாய் ஒரு பக்கம் அதட்டுகிறாள். தந்தை மறுபக்கம் கவலைப்படுகிறார். சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி வேண்டுமா, எவ்வளவு வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்னும் வினாக்கள் புதியவை என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இவ்வினாக்களை நம் முன்னோர் கேட்டிருக்கிறார்கள், விடையும் கண்டிருக்கிறார்கள். அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தந்தையிடம் கேட்ட கேள்விகள்

இன்றைய துனீசியா நாட்டில் உள்ளது கைரவான். ஹிஜ்ரி 50 (கி.பி. 670) அளவில் உக்பா இப்னு நாஃபிஉ அவர்களால் நிறுவப்பட்ட நகரம். மேற்கு நாடுகளில் இஸ்லாமியக் கல்விக்குத் தாயகமாக விளங்கிய ஊர். இங்கேதான் மாலிகி மத்ஹபின் பெருநூலாகிய 'அல்முதவ்வனா'வைத் தொகுத்த இமாம் சஹ்னூன் (ரஹ்) அவர்கள் வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 240 (கி.பி. 854) இல் அவர்கள் மறைந்தார்கள்.

அன்னாரின் மைந்தர் முஹம்மது இப்னு சஹ்னூன் (ரஹ்). ஹிஜ்ரி 202 (கி.பி. 817) இல் பிறந்து 256 (கி.பி. 870) இல் மறைந்தவர். அவர் எழுதிய சிறு நூல் ஒன்றன் பெயர் 'ஆதாபுல் முஅல்லிமீன்'. ஆசிரியர்கள் பேண வேண்டிய ஒழுங்குகள் என்று பொருள். குழந்தைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றி முஸ்லிம் உலகில் எழுந்து இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல்களுள் இது முதன்மையானது. நெடுங்காலம் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்த இந்நூலை, ஹசன் ஹுஸ்னி அப்துல் வஹ்ஹாப் என்னும் துனீசிய அறிஞர் 1931 இல் துனிஸ் நகரில் அச்சிட்டு வெளியிட்டார்.

இந்நூலின் அமைப்பே சுவையானது. மகன் வினவுகிறார், தந்தை விடை பகர்கிறார். ஆசிரியர் கூலி பெறலாமா? பிள்ளையை அடிக்கலாமா? எத்தனை அடி? பெருநாளுக்கு எத்தனை நாள் விடுமுறை? மூத்த மாணவனைக் கொண்டு இளையவனுக்குக் கற்பிக்கலாமா? ஒரு பெரும் சட்டமேதை, சின்னஞ்சிறு பிள்ளைகளின் பலகையையும் மையையும் விடுமுறையையும் பற்றி அமர்ந்து தீர்ப்புக் கூறுகிறார். சிறுவர் கல்வியை அவர்கள் எவ்வளவு பெரிய காரியமாகக் கருதினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எழுதுவதும் அழிப்பதும்

வாரந்தோறும் ஒப்பிக்கும் இவ்வழக்கம் ஏன் தோன்றியது? அதற்கு விடை அந்த மரப்பலகையில் இருக்கிறது.

'குத்தாப்' எனப்பட்ட அப்பள்ளியில் சிறுவனுக்கு ஏடு கிடையாது, புத்தகம் கிடையாது. 'லவ்ஹ்' எனப்படும் பலகை ஒன்றுதான் உடைமை. அன்றைய பாடத்தை அதில் மையால் எழுதுவான். அதைப் பார்த்து ஓதுவான், மனத்தில் பதிப்பான். பதிந்தபின் பலகையைக் கழுவுவான். கழுவினால்தான் அடுத்த பாடத்துக்கு இடம் கிடைக்கும்.

கழுவுவதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஒரு செய்தியை இப்னு சஹ்னூன் எடுத்துக்காட்டுகிறார். நாற்பெரும் கலீஃபாக்களின் காலத்தில் ஆசிரியரிடம் ஒரு பாத்திரம் இருக்குமாம். நாளுக்கு ஒரு சிறுவன் முறைவைத்துத் தூய நீர் கொண்டுவந்து அதில் ஊற்றுவான். அந்நீரால் பலகைகளைத் துடைப்பார்கள். பின்னர் நிலத்தில் ஒரு குழி தோண்டி அந்த நீரை அதில் ஊற்றுவார்கள். அது அங்கேயே வற்றிப்போகும். இறைவசனம் கலந்த நீர் காலடியில் மிதிபடலாகாது என்பதே காரணம்.

இந்தச் சிறு செய்திக்குள் கல்வியின் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது. பலகையில் எழுதியது நீரோடு போய்விடும். சனிக்கிழமை எழுதியது திங்கட்கிழமை பலகையில் இராது. அது எஞ்சியிருக்க வேண்டுமானால் பிள்ளையின் நெஞ்சில்தான் எஞ்சியிருக்க வேண்டும். நெஞ்சில் உள்ளதா என்று அறிய ஒரே வழி, ஓதச் சொல்லிக் கேட்பதுதான். ஆகவேதான் வாரத்தின் இறுதியில் ஒரு கணக்கெடுப்பு. வணிகர் அந்தியில் கல்லாவை எண்ணிப் பார்ப்பதுபோல, ஆசிரியர் வியாழக்கிழமையன்று பிள்ளைகளின் நெஞ்சத்தை எண்ணிப் பார்த்தார்.

இப்பழக்கம் தம் காலத்தில் புதிதாகப் புகுந்ததன்று என்றும், ஆசிரியர்கள் தொன்றுதொட்டுக் கைக்கொண்டு வரும் முறை என்றும், அதை எவரும் குறைகூறியதில்லை என்றும் அந்நூல் தெரிவிக்கிறது.

பார்வையற்ற அறிஞர் தந்த காட்சி

இப்னு சஹ்னூனுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, அதே கைரவானில் அபுல் ஹஸன் அல்காபிஸீ (ரஹ்) என்னும் அறிஞர் வாழ்ந்தார். ஹிஜ்ரி 403 (கி.பி. 1012) இல் மறைந்தவர். கண்பார்வை அற்றவர். எனினும் ஸஹீஹுல் புகாரியை வட ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து பரப்பியதில் பெரும்பங்கு அவருக்கு உண்டு. ஆசிரியர், மாணவர் நிலைமைகளைப் பற்றி அவரும் விரிவானதொரு நூல் செய்தார். இப்னு சஹ்னூனின் கருத்துகளை எடுத்துவைத்து அவற்றை மேலும் விளக்குவது அந்நூல்.

வார இறுதியை அவர் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறார். புதன் பிற்பகலிலும் வியாழன் காலையிலும் ஒப்பித்தல். அதன்பின் நண்பகலுக்கு முன்வரை எழுத்து வேலை. அப்போது சிறுவர்கள் ஒருவர் எழுத்தை மற்றவர் எழுத்தோடு ஒப்பிட்டு, எது சிறந்தது என்று போட்டியிடுவார்கள். பிறகு வீட்டுக்குச் செல்வார்கள். லுஹர் தொழுகைக்குப் பின் திரும்பி வந்து மீண்டும் எழுத்தும் போட்டியும். அஸர் நேரம் வந்ததும் கலைந்துவிடுவார்கள். பிறகு சனிக்கிழமை காலையில்தான் ஆசிரியரைக் காண்பார்கள்.

இம்முறை நல்லது, பிள்ளைகளுக்கும் இதம், ஆசிரியர்களுக்கும் இதம், இதில் மிகை ஏதுமில்லை என்று அவர் மனநிறைவோடு எழுதுகிறார். தம் கண்ணால் ஓர் எழுத்தையும் காண இயலாத அந்தப் பெரியார், பலகைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் சிறுவர்களின் மகிழ்ச்சியை நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார்.

ஓய்வு பிள்ளைகளின் உரிமை என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டிலிருந்து மதீனாவுக்குத் திரும்பியபோது, பள்ளிச் சிறுவர்கள் நெடுந்தொலைவு நடந்து சென்று எதிர்கொண்டு அழைத்தார்களாம். களைத்துப்போன அவர்களைக் கண்டு, வியாழனும் வெள்ளியும் பிள்ளைகளுக்கு ஓய்வு நாள் என்று கலீஃபா அவர்கள் அறிவித்தார்களாம். இச்செய்தி பிற்கால மாலிகி நூல்களில் காணப்படுவது. வரலாற்று ஆய்வில் இதன் எடை எவ்வளவு என்பது ஒருபுறமிருக்க, பிள்ளைகளின் விடுமுறைக்கு உமர் (ரலி) அவர்களையே ஆதாரமாக வைத்து மகிழ்ந்த ஒரு சமுதாயத்தின் உள்ளம் இதில் தெரிகிறது.

கேட்பவர் யார்?

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். வாரப் பயிற்சி யாருடைய பொறுப்பாக இருந்தது?

ஐயத்துக்கு இடமின்றி ஆசிரியருடைய பொறுப்பு. இந்நூல்களில் காணும் விதிகள் பெரும்பாலும் பள்ளியின் நேரத்தையும் ஆசிரியரின் கடமையையும் பற்றியவையே. ஒரு சூராவைச் சரியான உச்சரிப்போடும் எழுத்தோடும் பிள்ளை கற்றுத் தேறும் முன் அடுத்த சூராவுக்கு அவனைக் கொண்டுசெல்ல ஆசிரியருக்கு உரிமை இல்லை. பெற்றோர் இசைந்தால் மட்டுமே அதற்கு விலக்கு. பாடங்களை முடித்துவிட்டதாகப் பெயர் பண்ணுவதற்கு அங்கே வழியில்லை.

சிறுவர்கள் ஒருவருக்கொருவர் சொல்ல, எழுதிப் பழகலாம். அது அவர்களுக்கு நன்மையே. ஆனால், அவர்கள் எழுதியதை ஆசிரியர் தாமே பார்வையிட வேண்டும். தமக்குப் பதிலாக ஒரு மாணவனை அமர்த்துவதானால், அவன் குர்ஆனை முற்றக் கற்றவனாகவும் ஆசிரியரின் தேவை இல்லாதவனாகவும் இருத்தல் வேண்டும். பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு ஏவக் கூடாது. ஏழைப் பிள்ளைக்கும் செல்வர் பிள்ளைக்கும் இடையே வேறுபாடு காட்டலாகாது. அவ்வாறு காட்டுபவர் மறுமையில் துரோகிகளோடு எழுப்பப்படுவார் என்னும் எச்சரிக்கையும் அந்நூலில் உண்டு.

தண்டனைக்கும் வரம்பு கட்டினார்கள். பாடத்துக்காக மூன்று அடிக்கு மேல் கூடாது. சினத்தோடு அடிக்கலாகாது. தலையிலும் முகத்திலும் அடிக்கவே கூடாது. அடியே கூடாது என்று கருதும் இன்றைய நமக்கு இது குறைவாகத் தோன்றலாம். எனினும் ஆசிரியரின் கைக்குச் சட்டத்தால் ஓர் எல்லை வகுத்த காலம் அது என்பதை மறக்கலாகாது.

விடுமுறைக்கும் கணக்கு இருந்தது. நோன்புப் பெருநாளுக்கு ஒரு நாள். மூன்று நாள் விட்டாலும் குற்றமில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள். ஐந்து நாள் விட்டாலும் குற்றமில்லை. இதற்குமேல் ஆசிரியர் தம் விருப்பம்போல் பள்ளியை மூடிவிட இயலாது. வாங்கிய கூலிக்குப் பிள்ளையின் நேரம் அவரிடம் அமானிதம்.

இல்லத்தின் பங்கு

அப்படியானால் வீட்டாருக்குப் பங்கே இல்லையா? இருந்தது, மிகச் சிறந்த பங்கு இருந்தது.

இமாம் சஹ்னூன் அவர்கள் தம் மகனை ஆசிரியரிடம் ஒப்படைத்தபோது, பாராட்டாலும் இன்சொல்லாலுமே அவனைப் பண்படுத்துங்கள். அடியாலும் கடுமையாலும் திருத்தப்படக் கூடியவன் அல்லன் அவன் என்று கேட்டுக்கொண்டதாக வரலாறு கூறுகிறது. அந்த மகன்தான் பின்னாளில் ஆசிரியர்களுக்கே ஒழுங்குமுறை நூல் எழுதினார். இன்சொல் வீண்போகவில்லை. அதே இல்லத்தில் வளர்ந்த மகளார் கதீஜாவும் பெரும் கல்விமானாகத் திகழ்ந்தார். தந்தையார் தம் காரியங்களில் அவரைக் கலந்து ஆலோசித்ததாக நூல்கள் குறிப்பிடுகின்றன.

அதே நாட்டில் காஜியாக இருந்த ஈஸா இப்னு மிஸ்கீன் என்பவரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அஸர் வரை மாணவர்களுக்குக் கற்பிப்பார். அஸருக்குப் பின் தம் புதல்வியரையும், சகோதரரின் புதல்வியரையும், பேத்தியரையும் அழைத்து அமரவைத்து, அவர்களுக்குக் குர்ஆனும் மார்க்கக் கல்வியும் புகட்டுவார். குத்தாபின் வாயில் பெண்மக்களுக்கு எளிதில் திறக்காதிருந்த காலம் அது. பையன்களும் பெண்களும் ஒன்றாய் அமர்ந்து கற்பதைச் சஹ்னூன் அவர்களும் விரும்பவில்லை. ஆகவே பெண்மக்களுக்கு வீடே பள்ளியாயிற்று; அங்கே தந்தையும் பாட்டனாரும் ஆசிரியர் ஆயினர். இதனை எண்ணும்போது, மகளின் பாடத்தைக் கேட்க மாலையில் அரைமணி நேரம் ஒதுக்க இயலவில்லை என்று நம்மில் எவரும் கூறத் துணிய மாட்டோம். ஊரின் வழக்குகளையெல்லாம் விசாரித்த நீதிபதிக்கே நேரம் இருந்ததல்லவா?

இடைவெளியும் மறதியும்

கைரவானின் ஆசிரியர்கள் அனுபவத்தால் கண்டதை, அதே மண்ணில் தோன்றிய இன்னொரு மேதை அறிவால் விளக்கினார். ஹிஜ்ரி 732 (கி.பி. 1332) இல் துனிஸில் பிறந்து 808 (கி.பி. 1406) இல் கெய்ரோவில் மறைந்த இப்னு கல்தூன் அவர்களே அவர். தம்முடைய 'முகத்திமா'வில் கல்வியைப் பற்றிப் பல அதிகாரங்கள் எழுதியிருக்கிறார்.

திறமை என்பது ஒரு செயலைத் தொடர்ந்து மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்தில் ஊறி நிலைப்பது என்பது அவர் கொள்கை. ஆகவே ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையில் நீண்ட இடைவெளி விடலாகாது. விட்டால் மறதி புகும். பாடத்தின் பகுதிகள் ஒன்றோடொன்று இணையாமல் சிதறிப்போகும் என்கிறார். பாடத்தைச் சிறிது சிறிதாக, படிப்படியாக, மும்முறை சுற்றிவந்து கற்பிக்க வேண்டும் என்கிறார். பிள்ளையின் அறிவு தாங்காத சுமையைத் தொடக்கத்திலேயே ஏற்றினால் அவன் சோர்ந்து கல்வியையே வெறுத்துவிடுவான் என்றும் எச்சரிக்கிறார். கடுமையாக நடத்தப்படும் சிறுவன் பொய்யையும் ஏமாற்றையும் கற்றுக்கொள்கிறான் என்று அவர் கூறியது, இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் மெய்ப்பட்டு வருகிறது. வேறொருவரைக் கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவித்து வரும் பிள்ளையிடம் குறை காண்பதற்கு முன், அவனை அந்நிலைக்குத் தள்ளியது எது என்று நாம் ஆராய வேண்டாமா?

நம் பிள்ளைகளின் தோளில்

இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கைரவானுக்கும் தமிழகத்துக்கும் கடல் பல குறுக்கே கிடக்கலாம். எனினும், இன்றும் நம் ஊர்களில் பல மக்தபுகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்கும் வெள்ளிக்கிழமையே விடுமுறை என்னும் வழக்கம் உண்டு. பலகையில் எழுதி ஓதிய தலைமுறையினர் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். குர்ஆன் மனனம் செய்யும் மதரஸாக்களில் பழைய பாடத்தைத் திரும்ப ஓதிக் காட்டாமல் புதுப்பாடம் கிடையாது என்பதை நாம் அறிவோம். அந்தப் பழைய ஆறு இன்னும் முற்றாக வற்றிவிடவில்லை.

ஆனால், இன்றைய முஸ்லிம் சிறுவனின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். சுப்ஹுக்குப் பின்னோ மாலையிலோ மக்தப். பகலெல்லாம் பள்ளிக்கூடம். பல வீடுகளில் அதன்மேல் தனிவகுப்பு. பள்ளிக்கூடம் தரும் வீட்டுப்பாடம் ஒன்று. ஆலிம்சா தரும் பாடம் ஒன்று. இரு சுமையும் ஏறுவது ஒரே தோளில். இரண்டு ஆசிரியர்களும் ஒருவரையொருவர் அறியார். பாடத்தைத் திரும்பக் கேட்கும் பொறுப்பு, பள்ளியிலிருந்து நழுவி வீட்டுக்கு வந்து, வீட்டிலும் பெரும்பாலும் தாயின் மடியில் வந்து விழுந்திருக்கிறது. அத்தாய் கல்லாதவளாக இருந்தால் அப்பிள்ளையின் கதி என்ன? செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் கேட்க ஆள் இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. ஏழைக்கும் செல்வர்க்கும் வேறுபாடு காட்டலாகாது என்று பழைய நூல் விதித்த எச்சரிக்கை இங்கே நம் காதில் ஒலிக்க வேண்டும்.

அரசும் நீதிமன்றமும் இதனை உணராமல் இல்லை. 2005 இல் வெளியான தேசியக் கலைத்திட்ட வரைவு, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்றது. 2018 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. 2020 இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை என்றும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகம் போனால் 2 மணி நேரம் என்றும் வரையறுத்தது. வாரத்துக்கு 2 மணி நேரம் என்றால், ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 நிமிடம். நம் வீடுகளில் நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

விதி நல்லதே. ஆனால் எழுதாதே என்று தடுப்பது பாதி வேலைதான். எழுதாவிட்டால் மறந்துவிடுமே என்னும் பெற்றோரின் அச்சத்துக்கு என்ன மறுமொழி? அந்த மறுமொழியைத்தான் கைரவானின் வியாழக்கிழமை நமக்குத் தருகிறது. பயிற்சி வேண்டும், அது மறதிக்கு மருந்து. ஆனால் அப்பயிற்சிக்கு நேரம் ஒதுக்க வேண்டியது, பாடம் நடத்துகிறவரின் கடமை. புதுப்பாடத்தை நிறுத்திவைத்துப் பழையதைக் கேட்பதற்கு வாரத்தில் ஒரு பொழுது வேண்டும். அதன்பின் உண்மையான ஓய்வு வேண்டும்.

இதை நிறைவேற்றச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. நம் ஜமாஅத்துகள் நடத்தும் மக்தபுகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் அடுத்த வாரமே தொடங்கலாம். வியாழக்கிழமை புதுப்பாடம் இல்லை. அன்று ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் அருகில் அழைத்துக் கேட்பார். பிள்ளைகள் மிகுந்திருந்தால், கற்றுத் தேறிய மூத்த மாணவர் துணைபுரிவர். மக்தபின் பாடம் மக்தபிலேயே முடியும். பள்ளிக்கூடத்தின் பாடம் பள்ளிக்கூடத்திலேயே முடியும். வீட்டில் பெற்றோருக்கு எஞ்சுவது ஒரே பணி: இவ்வாரம் நீ கற்றதில் உனக்குப் பிடித்ததைச் சொல் என்று கேட்டு, பிள்ளை சொல்லும்போது கைவேலையை ஒதுக்கிவைத்துவிட்டுச் செவிகொடுப்பது. எழுதப் படிக்கத் தெரியாத தாயாலும் இது முடியும்.

குறிப்பேடுகள் நிறைந்துவிட்டன என்பதால் பிள்ளைகளின் நெஞ்சம் நிறைந்துவிட்டதாகாது. கைரவானின் சிறுவனிடம் ஒரு பலகைதான் இருந்தது. அதையும் அவன் நாள்தோறும் கழுவினான். வியாழக்கிழமை அவன் ஓதுவதைக் கேட்க ஒருவர் அமர்ந்திருந்தார். நம் பிள்ளைகளிடம் பை நிறையக் குறிப்பேடுகள் இருக்கின்றன. கேட்பதற்கு ஒருவரை அவர்களுக்குத் தருவது நம் கடமை.